தலைக்கு மேலே ஒரு தீர்மானம்

கண்டி நகருக்குத் தெற்கே மலைச்சரிவில் உள்ள ஒரு தோட்டத்தில், ஏழு பேர்ச் காணியில் ஒரு குடும்பம் நான்கு ஆண்டுகளாக வீடு கட்டி வருகிறது. கல் வாங்கப் பணம் கிடைத்தபோது கல் வாங்கினார்கள். சீமெந்து வாங்கப் பணம் கிடைத்தபோது சீமெந்து வாங்கினார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் விலைகள் ஏறியபோது ஓராண்டுக்கும் மேலாக எல்லாம் அப்படியே நின்றது. இப்போது சுவர்கள் எழும்பிவிட்டன. கூரை மட்டுமே பாக்கி.

அந்தப் பக்கம் ஒரு கூட்டத்திற்காகச் சென்றிருந்த என்னை அந்த வீட்டுப் பாட்டி கைகாட்டி அழைத்தார். லயத்தில் பிறந்து, லயத்திலேயே வாழ்க்கைப்பட்டு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர்.

"சாமி, சுவத்துக்கு யாரும் ஒண்ணும் பேசல. கூரைன்னதும் ஆளுக்கொரு பேச்சு பேசுதுங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

வீட்டில் உண்மையிலேயே நான்கு கருத்துகள் இருந்தன. மகன் கூரை வேலை செய்பவர். அஸ்பெஸ்டஸ் சீட் போடலாம், கூலி மிச்சம், இரண்டு நாளில் தானே முடித்துவிடுவேன் என்றார். மருமகளுக்கு ஓடு வேண்டும். ஓட்டு வீடுதான் வீடு மாதிரி இருக்கும் என்பது அவர் எண்ணம். மத்திய கிழக்கில் வேலை செய்யும் இளைய மகன், பிறகு மேல் மாடி எடுக்கலாம் என்பதற்காகக் கொங்கிறீற் தட்டுப் போடச் சொல்லித் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். பாட்டிக்குத் தகரம் போதும். "தகரத்துக்குக் கீழதான் இத்தன காலம் இருந்தோம், செத்தா போயிட்டோம்?" என்று சிரித்தார்.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த ஒரு வாரத்தில் நான் யோசித்தவற்றையும் கேட்டறிந்தவற்றையுமே இங்கு எழுதுகிறேன். இதே கேள்வியோடு நம்மிடையே பல குடும்பங்கள் நிற்கின்றன.

கூரையும் அந்தஸ்தும்

கண்டிப் பகுதியில் கூரை என்பது மழைக்கு மறைப்பாக மட்டும் இருந்ததில்லை. 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, 1679இல் தப்பிச் செல்லும்வரை இங்கே கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில் சாதாரண மக்களின் வீடுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். குச்சியும் களிமண்ணும் கொண்ட சுவர், மேலே வைக்கோல் அல்லது ஓலை. ஓடு வேய்வதற்கும் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கும் அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. ஓடு என்பது அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் பெரியவர்களுக்கும் உரியது.

அந்த உயர்ந்த கூரை எப்படி இருந்தது என்பதை உடுநுவரையில் உள்ள எம்பெக்கே தேவாலயத்திற்குச் சென்றால் இன்றும் பார்க்கலாம். மரத்தூண்களின் சிற்பங்களைப் பார்ப்பவர்கள் மேலே நிமிர்ந்தும் பார்க்க வேண்டும். கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் வந்து சேர்கின்றன. அவை அனைத்தையும் ஒரே ஒரு பெரிய மர ஆணி பிடித்து வைத்திருக்கிறது. இவ்வளவு திறமை இந்த மண்ணில் இருந்தது. ஆனால் அது எல்லோருடைய தலைக்கும் மேலே வரவில்லை.

பிரித்தானியர் காலத்தில் கோப்பியும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலையும் வந்தன. தென்னிந்தியாவிலிருந்து நமது மக்கள் வந்தார்கள். அவர்களுக்கு லயங்கள் கட்டப்பட்டன. காலப்போக்கில் அவற்றின் மேல் நெளி தகரம் ஏறியது. நெளி தகரம் 1829இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற பொருள். தகட்டை நெளித்தால் மெல்லிய இரும்பும் வளையாமல் நிற்கும் என்பதே அதன் சூட்சுமம். கப்பலில் அடுக்கலாம், தலையில் வைத்து மலைக்குச் சுமக்கலாம், நீளமான லயத்தை விரைவில் மூடிவிடலாம். தோட்டக் கணக்குக்கு அது பொருத்தமாக இருந்தது. அதன் கீழே மதியத்தில் வேகிறவர்களும், மழை இரவில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காமல் இருப்பவர்களும், துருப்பிடித்த ஓட்டைக்குக் கீழே சட்டி வைப்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஆகவே ஒரு தோட்டக் குடும்பம் கூரைப் பொருளைத் தானே தெரிவு செய்கிறது என்பது சிறிய விடயம் அல்ல. அந்தப் பாட்டியின் பரம்பரையில் இது முதல் தடவை. முதல் தடவை செய்கிற தெரிவு, தெரிந்து செய்த தெரிவாக இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.

அஸ்பெஸ்டஸ் வந்த கதை

தகரத்துக்குப் பிறகு வந்தது அஸ்பெஸ்டஸ். தமிழில் கல்நார் என்பார்கள். உண்மையிலேயே அது நாராகப் பிரியும் ஒரு கனிமக் கல். 1900ஆம் ஆண்டளவில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் அந்த நாரைச் சீமெந்துடன் சேர்த்து மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். தமது பொருளுக்கு 'எற்றெர்னிற்' என்று பெயர் வைத்தார். இலத்தீன் மொழியில் 'ஏத்தெர்னுஸ்' என்றால் என்றென்றும் நிலைப்பது. துருப்பிடிக்காது, கறையான் அரிக்காது, தீப்பிடிக்காது, தகரம்போல் மழையில் அலறாது, ஓட்டைவிட மலிவு. இத்தனை நன்மைகள் உள்ள பொருளை ஏழை நாடுகள் விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. நமது நாட்டிலும் வீடு, பாடசாலை, கோவில் மண்டபம், வைத்தியசாலை என எல்லாவற்றின் மேலும் அது ஏறியது.

ஆனால் அந்த நார் மனித நெஞ்சுக்குள்ளும் என்றென்றும் நிலைக்கிறது. தகட்டை வெட்டும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நார்கள் காற்றில் கலக்கின்றன. சுவாசத்தோடு உள்ளே சென்ற நாரை உடல் கரைக்கவும் முடியாது, பலவற்றை வெளியேற்றவும் முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சூழ்ந்த சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஆகியவை இதனால் வருகின்றன. நார் உள்ளே சென்று 20, 30, சில வேளைகளில் 40 ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படுகிறது. இதனால்தான் "நான் பத்து வருசமாக வெட்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவர் நேர்மையாகவே சொல்ல முடிகிறது.

1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் 33 மீசோதீலியோமா நோயாளர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சுரங்கத்தில் வேலை செய்யாதவர்களும் இருந்தார்கள். சுரங்கத்தின் அருகே குடியிருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. 1965இல் லண்டனில் வெளிவந்த ஆய்வொன்று, அஸ்பெஸ்டஸ் தொழிலாளர்களின் வேலை உடுப்பை வீட்டில் துவைத்த பெண்களுக்கும் இந்நோய் வந்ததைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், கூரைத் தகடுகளில் சேர்க்கப்படும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவன என்று உறுதிப்படுத்தப்பட்ட முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. தொழிலிடத்தில் அஸ்பெஸ்டஸுக்கு ஆளானதால் உலகில் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கூரைத் தகட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அஸ்பெஸ்டஸ். அதுவும் சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது. உடையாமல் கூரையில் கிடக்கும் தகடு அதிக நாரை வெளிவிடுவதில்லை என்று உற்பத்தியாளர்கள் சொல்கிறார்கள். அது பொய்யல்ல. ஆனால் எந்தத் தகடு வெட்டப்படாமல் கூரைக்குப் போகிறது? எந்தத் தகடு துளையிடப்படாமல் பொருத்தப்படுகிறது? மரக்கிளை விழாத, குரங்கு குதிக்காத, பாசி பிடிக்காத கூரை கண்டியில் எங்கே இருக்கிறது?

என் சொந்தப் பிழை

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, குருவானவராகி அதிக காலம் ஆகாத நாட்களில், ஒரு தோட்டத்தில் முன்பள்ளிக் கட்டடம் ஒன்றைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கூரை அஸ்பெஸ்டஸ். கண்டியின் ஈரத்தில் பச்சைப் பாசி தடிப்பாகப் படிந்து கறுத்துப்போயிருந்தது. சிரமதானம் ஒழுங்கு செய்தேன். பதினைந்து இளைஞர்கள் வந்தார்கள். வெயில் நாளாகப் பார்த்து, கம்பித் தூரிகைகளால் அந்தக் கூரை முழுவதையும் சுரண்டினோம். வெள்ளைத் தூசு எங்கள் தலைமுடியிலும் புருவத்திலும் படிந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். உடைந்த துண்டுகளை முற்றத்துச் சேற்றில் போட்டுப் பிள்ளைகள் நடக்கப் பாதை அமைத்தோம். மாலையில் தேநீர் குடித்து, பாட்டுப் பாடிக் கலைந்தோம். நல்ல வேலை செய்தோம் என்ற திருப்தியோடு அன்று உறங்கினேன்.

அஸ்பெஸ்டஸ் ஆபத்து என்று அன்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எங்கோ வாசித்திருந்தேன். அது ஐரோப்பாவின் தொழிற்சாலைகளைப் பற்றிய செய்தி என்று நினைத்திருந்தேன். படித்த ஒருவன் தான் வாசித்ததைத் தன் முற்றத்தோடு பொருத்திப் பார்க்காதது எவ்வளவு பெரிய குறை என்பதை இப்போது உணர்கிறேன். ஒரு நாள் தூசு பெரிய ஆபத்தாக இல்லாமலிருக்கலாம். ஆபத்து பெரும்பாலும் உட்சென்ற அளவையும் காலத்தையும் பொறுத்தது. ஆயினும் அந்தப் பதினைந்து பேரில் மூவர் பின்னர் கூரை வேலைக்கே போனார்கள். அந்தப் பாட்டியின் மகன் அவர்களில் ஒருவர்.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும், எவராவது அங்கிருந்து விழுந்து இரத்தப்பழி வீட்டின்மேல் வரக்கூடாது என்று ஒரு கட்டளை உண்டு. குருமடத்தில் அதைப் பழங்காலத்துச் சிறு விதி என்று வாசித்துக் கடந்துபோனேன். கூரைக்குப் பொறுப்பானவன் அதன்மேல் ஏறுகிறவனின் உயிருக்கும் பொறுப்பானவன் என்று அது சொல்வது பின்னரே எனக்கு விளங்கியது.

தேயிலையும் கூரையும் மோதிய கதை

இதை நாடு அறியவில்லையா என்று கேட்பீர்கள். அறிந்தது. மிகக் கொடிய நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. பின்னர் வெள்ளை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்தி, 2024 அளவில் பாவனையை முற்றாக நிறுத்துவதென்று அரசாங்கம் அறிவித்தது.

நாள் நெருங்கியது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் கப்ரா வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையை இறக்குமதி செய்வதைத் தற்காலிகமாக நிறுத்தியது. ரஷ்யா இலங்கைத் தேயிலையின் பெரிய கொள்வனவாளர்களில் ஒன்று. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் முக்கிய நாடும் அதுவே. வண்டுதான் காரணம் என்றது ரஷ்யத் தரப்பு. ஆனால் இலங்கை அமைச்சரவை உடனடியாக அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. கட்டுப்பாடு திரும்ப அந்த உருவில் வரவில்லை. கடைகளில் சீட் இன்றும் கிடைக்கிறது.

இதில் தேயிலைக்காரர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தேயிலை விற்கவில்லை என்றால் முதலில் பசிப்பது யார் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பக்கத்தில் தோட்டத் தொழிலாளி பறித்த கொழுந்து. மறுபக்கத்தில் அவர் தலைக்கு மேல் போடப்படும் தகடு. இரண்டையும் தராசில் வைத்துத் தீர்ப்புச் சொன்னபோது அவரை எவரும் கேட்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005இலும், நமது அயல்நாடான நேபாளம் 2015இலும் அஸ்பெஸ்டஸைத் தடைசெய்தன. 2024இல் அமெரிக்காவும் வெள்ளை அஸ்பெஸ்டஸுக்குத் தடை விதித்தது. நாடு தீர்மானிக்கும்வரை ஒவ்வொரு வீடும் தன் தீர்மானத்தைத் தானே எடுக்கவேண்டியிருக்கிறது.

எதைப் போடுவது?

கூரைப் பொருளைத் தெரிவு செய்யும்போது நாம் பெரும்பாலும் ஒரு சதுர அடிக்கு என்ன விலை என்று மட்டும் கேட்கிறோம். வேறு மூன்று கேள்விகளும் உண்டு: அதன் பாரம் எவ்வளவு? மழை, வெயில், காற்றில் அது எப்படி நடந்துகொள்ளும்? பழுதானால் யார் திருத்துவார்?

பாரத்தை முதலில் பார்ப்போம். அந்தக் குடும்பத்தின் கூரைப் பரப்பு ஏறத்தாழ 60 சதுர மீற்றர். கலிக்கட் ஓடு ஒரு சதுர மீற்றருக்குப் பதினைந்து அளவில் தேவைப்படும். பாரம் 40 முதல் 45 கிலோ. ஆக மொத்தக் கூரை ஏறத்தாழ இரண்டரை தொன், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். அஸ்பெஸ்டஸ் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 12 முதல் 15 கிலோ. உலோகத் தகடு ஐந்து கிலோ அளவே. முழுக் கூரையும் 300 கிலோவுக்குள் அடங்கும். ஐந்து அங்குலக் கொங்கிறீற் தட்டோ சதுர மீற்றருக்கு 300 கிலோ. ஓட்டோடு ஒப்பிட்டாலும் ஏழு மடங்கு.

இந்தப் பாரம் மலைநாட்டில் வெறும் கணக்கு அல்ல. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் எத்தனை வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயின என்பதை நாம் மறக்கவில்லை. சரிவில் வீடு கட்டுகிறவர்கள் கூரைக்கு முன் நிலத்தைப் பற்றிக் கேட்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெறலாம். அத்திவாரமும் தூணும் அதற்கென்று திட்டமிடப்படாத சுவரின்மேல் கொங்கிறீற் தட்டை ஏற்றுவது, பின்னர் மாடி எடுக்கலாம் என்ற ஆசைக்காக இன்றைய பாதுகாப்பை அடகு வைப்பதாகும்.

ஓடு: நமது காலநிலைக்கு நன்கு பொருந்தும் பொருள். வெயிலில் வீடு குளிர்ச்சியாக இருக்கும். மழை மென்மையாகக் கேட்கும். ஒரு ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். கலிக்கட் ஓடு 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. இன்று மேற்குக் கரையோரமாக வாய்க்கால், தங்கொட்டுவ பகுதிகளில் நம் நாட்டுக் களிமண்ணிலேயே ஓடு செய்கிறார்கள். ஆனால் ஓட்டுக்கு நல்ல மரம் வேண்டும். கைமரமும் சலாகையும் நெருக்கமாக வேண்டும். சாய்வு 25 முதல் 30 பாகைக்குக் குறைந்தால் காற்றோடு வரும் மழை உள்ளே ஏறும். ஓட்டின் விலையை மட்டும் கேட்டு மகிழ்ந்தவர்கள் மரக்காலையில் திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். பழைய பங்களாக்கள் உடைக்கப்படும்போது கிடைக்கும் ஓடுகள் நல்லவை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலிப்பதை எடுத்து, மந்தமாக ஒலிப்பதை ஒதுக்க வேண்டும்.

உலோகத் தகடு: இன்றைய தகடு பாட்டியின் பழைய தகரம் அல்ல. துத்தநாகமும் அலுமினியமும் கலந்த பூச்சும் அதன்மேல் நிறமும் கொண்டது. பழைய தகரத்தைவிட நீண்ட காலம் துருவைத் தாங்கும். பாரம் குறைவு, மரமும் குறைவு. சூடும் சத்தமும் அதன் குறைகள். தகட்டின் கீழே பளபளப்பான காப்புப் படலம் விரித்து, அதற்குக் கீழே சீலிங் அடித்து, இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம் விட்டால் அவை பெருமளவு குறையும். இந்தச் செலவையும் ஆரம்பத்திலேயே கூரைச் செலவோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பாரம் குறைந்த கூரையைக் காற்று தூக்கும். எனவே ஆணியை விட்டு, இறப்பர் வளையம் வைத்த திருகாணிகளைப் பயன்படுத்தி, கைமரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டியால் பிணைக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் அற்ற நார்ச் சீமெந்துத் தகடு: பார்வைக்குப் பழைய சீட்டைப் போன்றதே. கல்நாருக்குப் பதிலாகச் செயற்கை இழையும் மர இழையும் சேர்க்கப்படுகின்றன. கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல், தகட்டிலோ பற்றுச்சீட்டிலோ அஸ்பெஸ்டஸ் அற்றது என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். இதையும் உலர்வாக வெட்டித் தூசைச் சுவாசிக்கக் கூடாது. சீமெந்துத் தூசும் நுரையீரலுக்குப் பகை.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: நிலமும் மரமும் இடம் கொடுத்தால் ஓடு, இல்லையென்றால் காப்புப் படலத்தோடு உலோகத் தகடு. புதிய வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் வேண்டாம்.

ஏற்கெனவே இருக்கும் கூரை

இதை வாசிப்பவர்களில் பலர் இந்த நேரத்தில் அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழேதான் அமர்ந்திருப்பீர்கள். பயந்து அதைப் பிய்த்து எறிய வேண்டாம். அதைப் பிய்ப்பதே பெரிய ஆபத்து. நல்ல நிலையில் உள்ள கூரையைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆனால் சில விடயங்களை மனதில் கொள்ளுங்கள்.

உலர்ந்த தகட்டைக் கம்பித் தூரிகையால் சுரண்டாதீர்கள். பாசி கூரையைத் தின்றுவிடாது. இயந்திர வாள், கிரைண்டர் கொண்டு வெட்டாதீர்கள். வெட்டியே ஆகவேண்டும் என்றால் நன்றாக நனைத்து, வெளியில் வைத்து, கைவாளால் மெதுவாக வெட்டுங்கள். முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது. நுண் தூசைத் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்டாமல், ஈரத் துணியால் துடைத்து, துணியோடு கட்டிப் போடுங்கள். வேலை உடுப்பை உதறாதீர்கள். மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் நனைத்துத் தனியாகத் துவையுங்கள். புகைப்பதை விடுங்கள், அஸ்பெஸ்டஸும் புகைத்தலும் சேரும்போது நுரையீரல் புற்றுநோயின் அபாயம் பன்மடங்காகிறது.

உடைந்த துண்டுகளைப் பாதைக்குப் போடுவது, கோழிக்கூட்டுக்குச் செருகுவது, வீதியோரம் கொட்டுவது எல்லாம் நம்மிடையே சாதாரணம். மிதிபட்டு மிதிபட்டு அது தூளாகிறது. அந்தத் தூளில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். துண்டுகளை நனைத்து, தடித்த பொலித்தீனில் சுற்றி, பின்னர் எவரும் கிண்டாத இடத்தில் ஆழமாகப் புதைப்பதே நம்மால் இயன்றது. பிரதேச சபையிடம் இதற்கென ஓர் இடத்தைக் கேட்பதும் நமது உரிமை. புயலுக்குப் பின் இடிபாடுகளை அகற்றும்போது இதை மிகவும் கவனிக்கவேண்டும். கூரையிலிருந்து வழியும் மழைநீர் பற்றியும் பலர் கேட்கிறார்கள். குடிக்கும் நீரில் உள்ள அஸ்பெஸ்டஸ் தீங்கு செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு, ஆபத்து சுவாசத்தில்தான்.

ஒரு வாரம் கழித்து

சொன்னபடி அடுத்த வாரம் சென்றேன். எல்லோரும் இருந்தார்கள். மேற்சொன்னவற்றை விளக்கினேன். அந்தச் சிரமதானத்தைப் பற்றியும் சொல்லி, அந்த மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாதர், அன்னைக்கு ஒரு நாள்தான். அதுக்கப்புறம் பதினொரு வருசம் நானே வெட்டுறேனே," என்றார்.

அவருடைய மனைவி மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சட்டையெல்லாம் நான்தானே தொவைக்கிறேன்?"

அந்தக் கேள்விக்கு ஆறுதலான பதில் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. வருந்தி உறக்கத்தை இழப்பதால் பயனில்லை. இன்றிலிருந்து குறைப்பதற்கு வழியுண்டு. வைத்தியரிடம் எதற்காகச் சென்றாலும் இந்த வேலையைப் பற்றியும் சொல்லுங்கள் என்றேன்.

கூரையைப் பற்றி அவர்களே பேசித் தீர்மானித்தார்கள். உலோகத் தகடு, கீழே காப்புப் படலம், சீலிங் அடுத்த ஆண்டு. ஆனால் மருமகள் கேட்டபடி, சாய்வையும் மரச்சட்டத்தையும் ஓட்டுக்கு ஏற்றவாறே இப்போது அமைப்பது. பணம் சேரும் நாளில் தகடு இறங்கி ஓடு ஏறும். மரத்துக்குக் கூடுதலாகத் தேவைப்பட்ட பணத்தைத் தர, மாடிக் கனவை ஒத்திவைத்து இளைய மகன் சம்மதித்தார். பாட்டிக்கு மகிழ்ச்சி. "நான் சொன்ன தகரம்தானே கடைசில வந்திச்சு," என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகன் இன்னும் கூரை வேலைக்குப் போகிறார். வேறு வேலை இல்லை. ஆனால் கிரைண்டரை வீட்டில் வைத்துவிட்டு, கைவாளும் தண்ணீர் வாளியும் கொண்டு போகிறார். இரண்டு நாள் வேலைக்கு மூன்று நாள் ஆகிறது என்று சில வீட்டுக்காரர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். எனவே இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களிடம் அவர் சார்பாக ஒரு வேண்டுகோள்: உங்கள் கூரையில் ஏறி நனைத்து வெட்டுகிற ஒருவரைக் கண்டால், அவசரப்படுத்தாதீர்கள். அந்த மூன்றாவது நாளுக்கும் கூலி கொடுங்கள்.

குழுக்களில் கலந்துரையாட

1. நமது ஊரில் எத்தனை வீடுகளுக்கும் பொதுக் கட்டடங்களுக்கும் அஸ்பெஸ்டஸ் கூரை இருக்கிறது? எவை உடைந்த நிலையில் உள்ளன?

2. நம்மிடையே கூரை வேலை செய்பவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு முகக்கவசமும் கைவாளும் வாங்க நமது சேமிப்புக் குழு உதவ முடியுமா?

3. உடைந்த துண்டுகளை இப்போது எங்கே போடுகிறோம்? பிரதேச சபையிடம் என்ன கேட்கலாம்?

4. புதிய வீட்டுத் திட்டம் நமது தோட்டத்துக்கு வரும்போது, கூரை எதனால் ஆனது என்று நாம் கேட்டிருக்கிறோமா?